மரமும் மின்கம்பியும்

ஐப்பசி பிறந்து வடகிழக்குப் பருவக்காற்று வீசத் தொடங்கியதும், நம் ஊர்களில் விளக்கு அணைவது புதுமையன்று. அணைந்தவுடன் வீட்டார் கேட்கும் வினாக்கள் இரண்டு. ‘நம் வீட்டில் மட்டுமா, தெரு முழுவதுமா?’ என்பது ஒன்று; ‘எங்கே மரம் விழுந்ததோ?’ என்பது மற்றொன்று. இரண்டாம் வினாவை எழுப்புவோர் அதன் விடையைத் தேடிச் செல்வதில்லை. ஆயினும், பிறிதொரு நாள் மின்வாரிய ஊழியர் இருவர் ஏணியும் அரிவாளுமாக வந்து சில கிளைகளைத் தள்ளத் தொடங்குவாராயின், அப்பொழுது தெருவே திரண்டு வழக்காடும். ‘நிழல் தரும் மரத்தைக் கொல்கின்றார்களே!’ என்பர் ஒரு சாரார். ‘அடியோடு வீழ்த்தினாலன்றி இத்தொல்லை தீராது’ என்பர் மற்றொரு சாரார்.

இவ்விரு சாராரும் உண்மையின் ஒரு பாதியையே பற்றி நிற்கின்றனர் என்பது என் கருத்து. மரத்தையும் மின்சாரத்தையும் ஒருங்கே காக்கும் வழி ஒன்று உண்டு. அது அரியதுமன்று; பெரும்பொருள் வேண்டுவதுமன்று. தமிழ் பயிலும் மாணவன் மின்கம்பியைப் பற்றி எழுதப் புகுந்தது என்னையெனச் சிலர் நகைக்கலாம். விளக்கு அணைந்த இரவில் தொல்காப்பியமும் இருளில்தான் கிடக்கின்றது என்பதே அன்னார்க்கு யான் கூறும் விடை.

முதற்கண் கம்பியின் இயல்பைச் சிறிது அறிதல் வேண்டும். நம் வீட்டினுள் சுவரோடு ஓடும் கம்பிக்கு மேலுறை உண்டு. வெளியே கம்பங்களின்மீதும் கோபுரங்களின்மீதும் செல்லும் கம்பிகளிற் பெரும்பாலனவற்றுக்கு அஃதில்லை. அவற்றைச் சூழ்ந்த காற்றே அவற்றுக்கு உறை. ஆகவே, கம்பிக்கும் மரத்துக்கும் இடையே வெறிதே கிடப்பதாக நாம் எண்ணும் வெளி வெறும் வெளியன்று, அதுவே காவல். மிகுந்த அழுத்தமுடைய கம்பியைக் கிளை தீண்டவும் வேண்டுவதில்லை. போதிய அளவு நெருங்கிய அளவிலேயே மின்சாரம் இடைவெளியைத் தாவி, மரத்தின் வழியாக நிலத்துள் இறங்கிவிடும்.

கம்பி என்றும் ஒரே உயரத்தில் நிற்பதுமன்று. அலுமினியமும் எஃகும் கலந்து முறுக்கப்பெற்ற அக்கம்பி, சூடேறியபோது நீண்டு தொய்யும். வெயில் காய்ந்து, காற்று அசையாது நின்று, ஊரெல்லாம் மின்சாரத்தை வாரி இழுக்கும் பிற்பகலில் அத்தொய்வு மிகுதி. மரமோ ஆண்டுதோறும் மேல்நோக்கி வளர்வது. ஒன்று மேலேறவும் மற்றொன்று கீழிறங்கவும் நடுவிலுள்ள காவல் வெளி குறைந்துகொண்டே வரும். புயல்நாளில் மட்டும் மரத்தை நினைக்கின்ற நாம், புயலற்ற கோடை நாளிலும் அஃது இடையூறு விளைக்கும் என்பதை அறிந்திலேம்.

அறிய விரும்புவார்க்கு 2003-ஆம் ஆண்டு ஆகஸ்டு 14-ஆம் நாள் வட அமெரிக்காவில் நிகழ்ந்ததே போதிய சான்றாகும். அன்று புயலில்லை, இடியில்லை. ஓர் இயல்பான கோடைப் பிற்பகல். ஒஹாயோ மாநிலத்தில் ஃபர்ஸ்ட் எனர்ஜி என்னும் நிறுவனத்துக்குரிய 345 கிலோவோல்ட் கம்பிகளுள் ஒன்று, 3 மணி 5 நிமிடத்துக்குத் தொய்ந்து மரத்தை நெருங்கித் தன் பணியினின்றும் விலகிற்று. அப்பொழுது அது தாங்கவல்ல சுமையிற் பாதியைக்கூடத் தாங்கியிருக்கவில்லை என்பது கருதத்தக்கது. குற்றம் சுமையினதன்று, உயர வளர்ந்திருந்த மரத்தைக் கழியாது விட்டதே குற்றம். முதற்கம்பி விலகவே அதன் சுமை பிற கம்பிகளின்மேல் ஏறிற்று. 3 மணி 32 நிமிடத்துக்கு இரண்டாவது கம்பியும் மரத்தாலேயே வீழ்ந்தது. அக்கம்பியின் அருகில் மரக்கிளை கழிக்கும் கூட்டத்தார் சிலர் அந்நேரத்திலேயே பணி செய்துகொண்டிருந்தனராம்! கம்பியும் மரமும் பொருந்தியதை அவர்கள் தம் கண்ணாலேயே கண்டனர். பணி தொடங்கப்பெறாமலில்லை, அம்மரத்தை அடையச் சிறிது காலம் தாழ்ந்தது, அவ்வளவே. 3 மணி 41 நிமிடத்துக்கு மூன்றாவது கம்பியும் அவ்வாறே மரத்தை நெருங்கி வீழ்ந்தது.

இவற்றையெல்லாம் கண்டு அறிவிக்க வேண்டிய எச்சரிக்கைப் பொறி, அந்நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறையில் 2 மணி 14 நிமிடம் முதலே ஓசையின்றிச் செயலற்றுக் கிடந்தது. அங்கிருந்தோர் அதனை அறியாதிருந்தனர். ஆதலின் பழி முழுவதையும் மரத்தின்மேல் ஏற்றுதல் முறையன்று. ஆயினும் முதல் மூன்று கம்பிகளையும் வீழ்த்தியது மரமே. 4 மணி 5 நிமிடத்துக்குப் பின்னர் நேர்ந்தது, அடுக்கி வைத்த சீட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று சரிவது போன்றது. 4 மணி 13 நிமிடத்துக்குள் நியூயார்க்கு, டெட்ராய்ட்டு, கிளீவ்லாந்து, கனடாவின் டொராண்டோ, ஒட்டாவா முதலிய மாநகரங்கள் மின்சாரமின்றி நின்றன. இழந்த மின்சுமை 61,800 மெகாவாட். இழந்த மக்கள் ஏறத்தாழ 5 கோடி. தமிழ்நாடு முழுவதற்கும் 2024 மே மாதக் கடுங்கோடையில் தேவைப்பட்ட மின்சாரம் 20,000 மெகாவாட்டைச் சிறிதே கடந்தது என்பதோடு ஒப்பிட்டால், அவ்விழப்பின் பெருமை ஒருவாறு விளங்கும்.

இருநாட்டு அரசுகளும் கூடி அமைத்த குழு 2004 ஏப்பிரலில் தன் இறுதி அறிக்கையை வெளியிட்டது. மின்கம்பியின் வழியிலுள்ள மரங்களை முறையாகக் கழியாமை, அக்குழு எடுத்துரைத்த முதன்மையான காரணங்களுள் ஒன்று. இதனினும் வியப்பு யாதெனின், ஏழாண்டுகளுக்கு முன் 1996 ஆகஸ்டு 10-இல் அந்நாட்டின் மேற்குப் பகுதியிலும் ஆரிகன் மாநிலத்துக் கம்பிகள் தொய்ந்து மரத்தை நெருங்கியதனால் 75 லட்சம் இணைப்புகள் இருண்டிருந்தன. அப்பொழுதே கற்றிருக்கலாம், கற்றிலர். கம்பியருகேயுள்ள மரங்களைப் பேணும் விதிகள் அதுவரையில் விரும்பினார் பின்பற்றும் நெறிகளாகவே இருந்தன. 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின், 2007 முதல்தான் அவை மீறினார்க்குத் தண்டமுண்டு என்னும் கட்டாய விதிகளாயின.

அதே 2003-ஆம் ஆண்டு செப்டம்பர் 28 அதிகாலை 3 மணி 1 நிமிடத்துக்கு, சுவிட்சர்லாந்தின் மலைகளினூடே இத்தாலிக்கு மின்சாரம் சுமந்து சென்ற ஒரு கம்பி மரத்தின்மேல் பொறிந்தது. 24 நிமிடங்களில் மற்றொரு கம்பியும் அவ்வாறே பொறிந்தது. அடுத்த சில நிமிடங்களில், சார்டீனியத் தீவு ஒழிய இத்தாலி நாடு முழுவதும் இருண்டது. அவ்விரவு உரோமாபுரியில் மக்கள் விடியுமளவும் விழித்திருந்து கொண்டாடும் ‘வெண்ணிரவு’ விழா. வெண்ணிரவு காரிருளாயிற்று. வேறொரு நாட்டு மலைச்சரிவில் நின்ற மரம் ஐந்து கோடிக்கு மேற்பட்ட மக்களின் விளக்கை அணைத்ததை எண்ணுங்கால், ‘என் வீட்டு வாயில் மரம் என்னுரிமை’ என்று நாம் தெருவில் பேசும் பேச்சு எத்துணைச் சிறியதாகத் தோன்றுகின்றது!

இவற்றைக் கேட்டவர், ‘அங்ஙனமாயின் கம்பியருகே மரமே வேண்டா, அனைத்தையும் வெட்டிவிடுக’ என்று முடிவு கட்டக்கூடும். யான் அங்ஙனம் சொல்ல வந்திலேன். மரமின்றித் தார்ச்சாலை மட்டுமே உள்ள தெருவில் சித்திரை நண்பகலில் நடந்தவர் எவரும் அதனைச் சொல்லத் துணியார். ஈண்டுத் தமிழே நமக்குத் துணை செய்கின்றது. மரத்தை அடியோடு வீழ்த்துதல் தறித்தல். மிகையான கிளையை நீக்குதல் கழித்தல். தளிரையும் மலரையும் எடுத்தல் கொய்தல். அளவறிந்து வெட்டி, செடிகொடிகளைச் சீர்செய்வதற்குத் தோட்டக்காரர் வழங்கும் சொல் கவாத்து. கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சையும் நீலகிரியின் தேயிலையும் கவாத்தினாலன்றோ பயன் தருகின்றன? இத்தனை சொற்களையும் கையில் வைத்துக்கொண்டு, ஏணியைக் கண்டவுடன் ‘மரம் வெட்ட வந்துவிட்டார்கள்’ என்று ஒரே சொல்லால் கூவுகின்றோம். பகைவனது காவல்மரத்தைத் தறிப்பது பண்டை வேந்தர்க்கு வெற்றியின் அடையாளம். மோகூர்ப் பழையனது வேம்பைச் சேரன் செங்குட்டுவன் தறித்த செய்தி பதிற்றுப்பத்தால் அறியப்படும். மரத்தின்மேல் இரும்பு படுவதைக் கண்டால் பகைவன் வந்தான் எனக் கொதிக்கும் உணர்ச்சி அக்காலத்திலிருந்தே நம்மை விட்டு நீங்கவில்லை போலும்.

ஆனால் தெருவாருடைய சினத்துக்கும் நியாயம் உண்டு என்பதை மறைத்தலாகாது. கழிக்க வந்தோர் பலவிடங்களில் மொட்டையடித்துச் செல்கின்றனர். உச்சியை ஒரே வீச்சில் அரிந்து, அடித்தண்டும் கைமுறிந்த கொம்புகளுமாக விட்டுச் செல்லும் அக்காட்சி கண்ணுக்கு இன்னாதது. அஃது அழகின் கேடு மட்டுமன்று, மின்சாரத்துக்கும் கேடு. மொட்டையடிக்கப்பெற்ற மரம் தன் இலைகளை இழந்த அதிர்ச்சியினால், வெட்டுவாயின் சுற்றிலும் எண்ணிறந்த குருத்துகளை நேர்மேலாக விடும். அவை விரைந்து வளரும். ஆயின் இயல்பாய் எழுந்த கிளையைப்போல மரத்தின் உள்ளுடம்பில் வேரூன்றி நில்லாமல், மேற்புறத்தில் ஒட்டி நிற்கும். ஓரிரண்டு ஆண்டுகளுள் கம்பியை முன்னினும் நெருக்கமாக அவை சூழ்ந்துகொள்ளும். அடுத்த காற்றில் முறிந்து விழுவனவும் அவையே. ஆகவே மொட்டையடித்தவர் அடுத்த மின்தடைக்கு அன்றே வித்திட்டவராவர்.

அமெரிக்க நாட்டு வனத்துறையில் பணிபுரிந்த அலெக்ஸ் ஷைகோ (1930–2006) என்னும் அறிஞர், இயந்திர வாளால் ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்காகப் பிளந்து ஆராய்ந்தவர். மனிதனுடைய புண்போல மரத்தின் புண் ஆறுவதில்லை என்பதும், கெட்டுப்போன பகுதியைச் சுவர் எழுப்பினாற்போல உள்ளேயே தடுத்து அடைத்துவிட்டு மரம் அதன்மேல் புதிதாக வளர்கின்றது என்பதும் அவர் விளக்கிய உண்மைகள். கிளை தண்டோடு பொருந்துமிடத்தில் கழுத்துப்போலச் சிறிது பருத்திருப்பதை உற்று நோக்கினார் அறிவர். அக்கழுத்தைச் சிதையாமல், அதற்குச் சற்று வெளியே அறுத்தால் மரம் தன் புண்ணைத் தானே மூடிக்கொள்ளும். அதனை உள்ளே புகுந்து அறுத்தாலும் கேடு. நெடுங்குச்சியாக விட்டாலும் கேடு. கம்பியை நோக்கி நீளும் கிளையை, வேறு திசையில் செல்லும் பக்கக்கிளை பிரியுமிடம்வரை அறுப்பின், மரத்தின் வளர்ச்சி அப்பக்கக்கிளையின் வழியே திரும்பிவிடும். சுருங்கச் சொன்னால், மரத்துக்கு வழிகாட்டுவதே கழித்தல். இதனைக் கற்பிக்கச் சில நாட்கள் போதும். கற்பியாமல் அரிவாளை மட்டும் கொடுத்து அனுப்பிவிட்டு, கழித்தவனை வைவது அறமாகாது.

மின்கம்பிக்கடியில் மரம் நிற்பது யார் பிழை? 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 68-ஆம் பிரிவு இதனை அழகாக அணுகுகின்றது. மேல்நிலைக் கம்பிக்கு இடையூறாக நிற்கும் மரத்தை நீக்கவோ வேறுவகையில் தக்கன செய்யவோ நடுவர் ஆணையிடலாம். ஆயின் கம்பி வருவதற்கு முன்பே இருந்த மரமாயின், அதற்கு உரியவர்க்கு இழப்பீடு வழங்கலாம். மரம் முந்தியதா, கம்பி முந்தியதா என்பதே ஆங்கு வினா. நம் பழஞ்சாலைகளில் நிற்கும் புளியும் ஆலும் கம்பிக்கு மூத்தவை. அவற்றுக்கு மரியாதை செய்து கம்பியே விலகிச் செல்லுதல் தகும். ஆனால் நகரத் தெருக்களில் இன்று வழக்குக்குக் காரணமாகும் மரங்களிற் பல, கம்பி தலைக்குமேல் ஓடுவதைக் கண்கூடாகக் கண்டபின்னும் அதன் நேர்கீழே நம்மால் நடப்பெற்றவை. தென்னமெரிக்காவிலிருந்து வந்த தூங்குமூஞ்சி மரத்தைச் சாலையோரமெங்கும் நட்டிருக்கின்றோம். அந்தி சாய்ந்ததும் இலைகளை மடக்கித் துயிலும் அம்மரம், கம்பியாளரை மட்டும் துயிலவிடுவதில்லை. காட்டினூடே 11 கிலோவோல்ட் கம்பியை இழுப்பதற்கு நடுவண் அரசின் நெறி 7 மீட்டர் அகலம் வகுத்திருக்கின்றது; 220 கிலோவோல்ட்டுக்கு 35 மீட்டர். தெருவிலோ, அதே 11 கிலோவோல்ட் கம்பியின் ஒருபுறம் மாடிவீட்டின் முகப்பும் மறுபுறம் மயிற்கொன்றையும் நெருக்கிநிற்கும். பாரி முல்லைக்குத் தேரீந்த கதையைப் படித்து மகிழும் நாம், கம்பத்தைத் தாங்கும் ஸ்டே கம்பியைப் பற்றி உச்சிவரை ஏறிவிட்ட காட்டுக்கொடியை நாள்தோறும் கண்டும் காணாதார்போலச் செல்கின்றோம். பாரி ஈந்தது தேரேயன்றி மின்கம்பமன்று!

பெரும்புயல் வருங்கால் எந்தக் கழித்தலும் முற்றும் காவாது என்பதை ஒப்புக்கொள்ளுகின்றேன். 2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. 2018 நவம்பர் 16-இல் வேதாரணியத்தருகே கரைகடந்த கஜா புயல் காவிரிப் படுகையின் தென்னந்தோப்புகளை அழித்து, ஒரு லட்சம் என்னும் அளவில் மின்கம்பங்களையும் வீழ்த்தியது. ஊர்கள் சில வாரக்கணக்கில் இருளில் கிடந்தன. தென்னையைப் பற்றி ஒன்று சொல்லல் வேண்டும். அதற்குக் கிளையில்லை, வளர்முனை உச்சியில் ஒன்றே. அதனை அரிந்தால் மரம் மாளும். ஆகவே தென்னையைக் கவாத்துச் செய்து கம்பியினின்றும் திருப்ப இயலாது. அதன் முழு உயரத்துக்கு மேற்பட்ட தொலைவில் நடுவதொன்றே வழி, வேறு வழியில்லை. தோப்பினூடே கம்பி இழுப்போரும் கம்பியோரம் தோப்பு வைப்போரும் இதனை எண்ணுவாராக.

கம்பிகளையெல்லாம் நிலத்தினுள் புதைத்துவிடலாமே என்பார் உளர். பொருள் மிக்க நகரங்களுக்கு அது தகும். சென்னையின் பல பகுதிகளில் அவ்வாறே செய்யப்பட்டிருக்கின்றது. சிற்றூர்களின் நெடுங்கம்பிகளுக்கெல்லாம் அச்செலவைத் தாங்குவார் யார்? தோண்டும் பள்ளம் மரத்தின் வேரை அறுக்கும் என்பதையும் மறத்தலாகாது. உறையிட்ட கம்பிகளை முறுக்கி ஒன்றாகக் கட்டி இழுக்கும் முறை, மரம் அடர்ந்த தெருக்களுக்கு இடைவழியாக உதவும். அதற்கும் கழித்தல் வேண்டும். ஆயின் குறைவாக வேண்டும்.

இதனினும் விரைந்து நோக்கத்தக்கது உயிர்ச்சேதம். ஆட்டுக்குத் தழை ஒடிக்கவும், முருங்கைக்காய் பறிக்கவும், மாங்காய் வீழ்த்தவும் இரும்புத் துரட்டியை உயர்த்தி, மேலே சென்ற கம்பியில் பட்டு மாண்டவர் செய்தி நாளிதழில் வராத ஆண்டில்லை. கம்பியருகேயுள்ள கிளையை நாமே வெட்டிவிடலாம் என்று துணிவோரும் அவ்வாறே மாள்கின்றனர். மின்சாரத்தை நிறுத்திய பின்னரே, அதற்குரியவர் கையாலேயே அக்கிளை அறுபடவேண்டும். திங்கள்தோறும் பராமரிப்புக்கென்று சில மணி நேரம் மின்சாரம் நிறுத்தப்படும் என்று நாளிதழில் அறிவிப்பு வரும்போது நாம் முணுமுணுக்கின்றோமே, அந்நேரத்தில்தான் அக்கிளைகள் கழிக்கப்படுகின்றன. அவ்வறிவிப்பில் ‘இன்ன தெருக்களில் இன்னின்ன மரங்கள் கழிக்கப்படும்’ என்று ஒரு வரி சேர்த்தால் எத்துணைச் சண்டைகள் குறையும்! எந்த மரம் எப்பொழுது கழிக்கப்பெற்றது, எவ்வளவு விரைவாக வளர்வது என்னும் ஏடு ஒன்று ஒவ்வொரு மின்வாரியப் பிரிவு அலுவலகத்திலும் இருக்குமாயின், மழைக்காலத்து அவசரமும் மொட்டையடிப்பும் தாமே ஒழியும் என்று நம்புகின்றேன். கழித்த தழையை அன்றே அள்ளிச் செல்லவும் வேண்டும்; வாரக்கணக்கில் சாக்கடையை அடைத்துக் கிடக்கும் அக்குவியலே மக்கள் வெறுப்பிற் பாதிக்குக் காரணம்.

மாணவராகிய நமக்கும் இதிற் பங்கு உண்டு. பள்ளிகளும் கல்லூரிகளும் ஆண்டுதோறும் மரநடுவிழா நடத்துகின்றன. படம் எடுப்பதற்கு வசதியாக, வாயிலருகே மதிலையொட்டி வரிசையாகக் குழிகள் தோண்டப்படும். அம்மதிலுக்கு நேர்மேலே பெரும்பாலும் மின்கம்பி செல்லும். கன்று முழங்காலளவு உயரமுடையதாதலின் நிமிர்ந்து பார்ப்பார் ஒருவருமிலர். அடுத்த மரநடுவிழாவில் குழி தோண்டுமுன் நம் மன்றத்தார் ஒருமுறை அண்ணாந்து பார்ப்பாராக. கம்பியின் கீழே பவழமல்லி, நந்தியாவட்டை, மாதுளை, கறிவேப்பிலை, செம்பருத்தி போன்ற குறுமரங்களும் செடிகளும் போதும். வேம்பையும் புங்கையும் விளையாட்டு வெளியின் ஓரத்துக்கும், ஆலையும் அரசையும் இடம் பரந்த ஏரிக்கரைக்கும் கொண்டு செல்லலாம். ஏரிக்கரைவரை நீர் சுமந்து ஊற்ற ஆள் வேண்டுமெனின், விடுதி மாணவருள் நால்வர் முன்வருவோம்.